படத்தோடு வரும் குறிப்பு: பிழையும் திருத்தமும்

ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு ஒரு காட்சி நன்றாகத் தெரியும். விடியுமுன் எழுந்து மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, நிறுக்கும் இடத்துக்குச் சுமந்துகொண்டு போவோம். கிராணி நிறுத்துப் பார்த்து ஏட்டில் எழுதுவார். பால் நம்முடையது, உழைப்பும் நம்முடையது. ஆனால், கிராணி கைமறதியாக அந்த எடையை அடுத்தவர் பெயருக்கு நேரே எழுதிவிட்டால் என்ன ஆகும்? வாளியில் இருந்த பால் ஒரு சொட்டும் மாறிவிடவில்லை. ஏடுதான் மாறியது. ஆனாலும், சம்பள நாளில் ஏடு சொல்வதுதான் எடுபடும். அதனால்தான் நம் பெரியவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட, தங்கள் எடை சரியாக எழுதப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கும் கேமராவிலும் கைத்தொலைபேசியிலும் இதைப் போன்ற ஓர் ஏடு இருக்கிறது. அதில் எழுதுவது கிராணி அல்ல, இயந்திரம். அந்த இயந்திரமும் சில வேளைகளில் தவறாக எழுதிவிடுகிறது. அது எப்படி நேர்கிறது, அதனால் நமக்கு என்ன நட்டம், அதைத் திருத்துவது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

டிஜிட்டல் கேமராவில் நாம் ஒரு படம் எடுக்கும்போது, படம் மட்டும் பதிவாவதில்லை. அந்தப் படக் கோப்புக்குள்ளேயே சில குறிப்புகளும் சேர்ந்து பதிவாகின்றன. எந்தக் கேமரா, எந்த நாள், எத்தனை மணி, எந்த லென்ஸ், லென்ஸின் குவியத் தூரம் எவ்வளவு, உள்ளே ஒளியை விடும் துளை எவ்வளவு திறந்திருந்தது என்பவை எல்லாம் அதில் இருக்கும். படத்தைப் பார்க்கும்போது இவை கண்ணுக்குத் தெரியா. படத்தின் விவரம் காட்டு என்று கணினியிடம் கேட்டால்தான் தெரியும். இந்தக் குறிப்புகளை எப்படி எழுதவேண்டும் என்பதற்கு ஒரு பொது விதி வேண்டும் அல்லவா? அந்த விதியை 1995-ஆம் ஆண்டில் ஜப்பானிய மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் வகுத்தது. அதற்கு எக்ஸிஃப் என்று பெயர். இன்று உலகத்தில் விற்கும் கேமராக்களும் கைத்தொலைபேசிகளும் அந்த விதிப்படிதான் குறிப்பு எழுதுகின்றன.

அந்தக் குறிப்பில் லென்ஸைப் பற்றி எழுதுவது ஏன் தவறிப்போகிறது? இதைப் புரிந்துகொள்ள, கேமராவுக்கு லென்ஸ் எது என்று எப்படித் தெரிகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய கேமராக்களில், லென்ஸின் பின்புறத்தில் சிறு சிறு உலோகப் பொட்டுகள் இருக்கும். அவை கேமராவில் உள்ள பொட்டுகளைத் தொடும்போது, லென்ஸ் தன்னைப் பற்றிய விவரத்தைக் கேமராவிடம் சொல்கிறது. இந்தப் பேச்சு நடந்தால்தான் கேமராவுக்கு லென்ஸ் இன்னதென்று தெரியும். கேமராவுக்குக் கண் இல்லை. லென்ஸின் முகப்பு வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்தை அது படித்துப் பார்ப்பதில்லை. காதால் கேட்டதை அப்படியே எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே, பிழை முக்கியமாக மூன்று வழிகளில் வருகிறது.

முதல் வழி, லென்ஸ் ஊமையாக இருப்பது. பிலிம் காலத்துப் பழைய லென்ஸ்கள் பலவற்றில் அந்த உலோகப் பொட்டுகளே கிடையா. அவை நல்ல கண்ணாடியால் ஆனவை. இன்றும் அருமையாகப் படம் பிடிக்கும். ஆனால் அவை பேசா. அப்பொழுது கேமரா குவியத் தூரம் என்ற இடத்தில் 0 என்று எழுதும்; அல்லது அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும்.

இரண்டாம் வழி, நாம் சொன்னதை மாற்ற மறப்பது. ஊமை லென்ஸை மாட்டும்போது அதன் அளவை நாமே கேமராவிடம் சொல்வதற்குச் சில கேமராக்களில் வசதி உண்டு. நிக்கோன் கேமராக்கள் சிலவற்றில் இதற்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. பென்டாக்ஸ் கேமராவோ, ஊமை லென்ஸ் மாட்டியிருப்பதைக் கண்டால், முடுக்கியதும் குவியத் தூரம் என்ன என்று நம்மையே கேட்கிறது. நேற்று 200 மில்லிமீட்டர் லென்ஸுக்காக ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு, இன்று 50 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி, அவசரத்தில் எண்ணை மாற்றாமல் விட்டுவிட்டால், கேமரா எல்லாப் படங்களுக்கும் 200 என்றே எழுதிக்கொண்டு போகும்.

மூன்றாம் வழி, லென்ஸ் வேறொன்றின் அடையாளத்தைச் சொல்வது. கேனன் கேமராக்களில் பழைய முறைப்படி ஒவ்வொரு லென்ஸும் தனக்குரிய ஓர் அடையாள எண்ணைச் சொல்கிறது. சிக்மா, டாம்ரான் போன்ற பிற நிறுவனங்கள் அதே கேமராவுக்கு லென்ஸ் செய்தபோது, அவற்றில் சில, கேனன் லென்ஸ் ஒன்றுக்கு ஏற்கெனவே உள்ள எண்ணையே சொல்லும்படி அமைந்துவிட்டன. கணினி அந்த எண்ணைப் பட்டியலில் தேடி, கேனன் லென்ஸின் பெயரைக் காட்டிவிடுகிறது. ஒரே அடையாள எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்தால் வரும் குழப்பம்தான் இது. பழைய லென்ஸை மாட்டுவதற்கு விற்கும் மலிவான இடைவளையங்களில் சிறு சில்லு வைத்தவையும் உண்டு. அவற்றில் பல, எந்த லென்ஸை மாட்டினாலும் 50 மில்லிமீட்டர் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். 2010-ஆம் ஆண்டில் எக்ஸிஃப் விதியைத் திருத்தி, லென்ஸின் பெயரை எழுத்தாகவே எழுத ஓர் இடம் ஒதுக்கினார்கள். அதன் பிறகு இந்தக் குழப்பம் குறைந்தது, ஆனாலும் தீரவில்லை.

"குறிப்பு தவறாக இருந்தால் என்ன? படம் நன்றாக இருந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விடை காண்போம்.

தோட்டத்து இளைஞர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தந்தையார் ஒரு காலத்தில் தோட்டத்துத் திருமணங்களுக்கெல்லாம் படம் எடுத்தவர். தந்தையார் விட்டுப்போன 50 மில்லிமீட்டர் லென்ஸைப் புதிய கேமராவில் மாட்டிக்கொண்டு, மாரியம்மன் கோயில் திருவிழாவில் இரவு நேரத்தில் மகன் படம் எடுக்கிறார். கேமராவிலோ முந்தின வாரம் கொடுத்த 200 என்ற எண் அப்படியே நிற்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால், பூக்குழியும் தெளிவாக இல்லை, கரகமும் தெளிவாக இல்லை. "அப்பாவின் லென்ஸ் கெட்டுப்போய்விட்டது" என்று முடிவு செய்து, கிடைத்த விலைக்கு அதை விற்றுவிட நினைக்கிறார்.

லென்ஸ் கெடவில்லை, நேயர்களே. நடந்தது வேறு. இக்காலத்துக் கேமராக்கள் பலவற்றில், நம் கை நடுங்கினாலும் படம் கலங்காமல் இருப்பதற்காக, உள்ளே இருக்கும் படப் பலகையைக் கேமராவே எதிர்ப்பக்கம் நகர்த்திச் சரிசெய்கிறது. எவ்வளவு நகர்த்துவது? அது லென்ஸின் குவியத் தூரத்தைப் பொறுத்தது. கை ஒரே அளவு அசைந்தாலும், 200 மில்லிமீட்டர் லென்ஸில் படம் நகரும் தூரம், 50 மில்லிமீட்டர் லென்ஸில் நகருவதைப்போல் 4 மடங்கு. கேமராவிடம் 200 என்று சொல்லியிருப்பதால், அது வேண்டியதற்கு 4 மடங்கு நகர்த்துகிறது. நடுக்கத்தை நீக்கவேண்டிய கருவியே படத்தைக் கலக்கிவிடுகிறது. அந்த இளைஞர் படத்தின் குறிப்பைத் திறந்து 200 என்ற எண்ணைப் பார்த்திருந்தால், பிழை எங்கே என்று உடனே தெரிந்திருக்கும். தந்தையின் லென்ஸும் வீட்டிலேயே இருந்திருக்கும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். குறிப்பைத் திருத்துவதால் கலங்கிய படம் தெளிவாகிவிடாது. ஆனால், குற்றம் லென்ஸினுடையது அன்று என்பது புலப்படும். அடுத்த திருவிழாவுக்கு அந்தத் தவறு வாராது.

இன்னொரு நட்டமும் உண்டு. அகன்ற பார்வையுள்ள லென்ஸ்கள் நேர்க்கோடுகளைச் சற்றே வளைத்துக் காட்டும். நீண்ட லயத்து வீட்டின் கூரையை அப்படிப்பட்ட லென்ஸால் எடுத்தால், கூரை நடுவில் புடைத்ததுபோல் தெரியும். லைட்ரூம், டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் இந்த வளைவை நேராக்க வல்லவை. எந்த லென்ஸ் எவ்வளவு வளைக்கும் என்ற கணக்கு அவற்றிடம் இருக்கிறது. ஆனால், படத்தை எடுத்த லென்ஸ் எது என்பதை அவை குறிப்பைப் படித்துத்தான் அறிந்துகொள்கின்றன. குறிப்பில் தவறான லென்ஸ் இருந்தால், தவறான கணக்கைப் போட்டு, கூரையை மறுபக்கம் வளைத்துவிடக்கூடும். நோயாளியின் சீட்டு மாறிப்போனால் மருந்து மாறுவதில்லையா? அதுபோலத்தான்.

சரி, திருத்துவது எப்படி? படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி: படங்களுக்கு ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்தவேண்டும். திருத்துவது நகலில்தான், மூலப் படத்தில் கை வைக்கக்கூடாது. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்ற பழமொழி நமக்குத் தெரியாததன்று.

இரண்டாம் படி: உண்மையில் எந்த லென்ஸ் என்பதை உறுதிசெய்யவேண்டும். லென்ஸின் முகப்பு வளையத்தைப் பார்த்தால் அதன் பெயரும், குவியத் தூரமும், மிக அகலத் திறக்கும் துளையின் எண்ணும் பொறித்திருக்கும். அவற்றை எழுத்துக்கு எழுத்து தாளில் எழுதிக்கொள்வோம். எந்தெந்தப் படத்தை எந்த லென்ஸால் எடுத்தோம் என்பதை, எடுத்த நாளிலேயே ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தால் வேலை எளிது. நினைவுக்கு வராத படத்துக்கு ஊகமாக எதையும் எழுதக்கூடாது. தவறான விடையைவிட வெற்றிடம் மேல்.

மூன்றாம் படி: திருத்தும் மென்பொருள். இதற்குப் பலரும் நம்பிப் பயன்படுத்துவது எக்ஸிஃப்டூல் என்பது. பில் ஹார்வி என்பவர் 2003-ஆம் ஆண்டில் இதை எழுதி, எவரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தும்படி வெளியிட்டார். இதில் பொத்தான்களும் படங்களும் இரா. என்ன செய்யவேண்டும் என்பதை ஒரு வரியாகத் தட்டெழுதிக் கட்டளையிடவேண்டும். லென்ஸின் பெயர் இது, குவியத் தூரம் இது, துளை எண் இது, கோப்பு இது என்பதுதான் அந்தக் கட்டளையின் சாரம். கணினி பழகிய பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். திருத்துமுன் பழைய கோப்பைத் தானாகவே வேறு பெயரில் வைத்துக்கொள்வது இந்த மென்பொருளின் நல்ல குணம்.

நான்காம் படி: முதலில் ஒரே ஒரு படத்தில் செய்து பார்க்கவேண்டும். குறிப்பைத் திறந்து, எழுதியது சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றப் படங்களைத் தொடவேண்டும். ஒரே லென்ஸால் எடுத்த படங்களை ஒரு தனிக் கோப்புறையில் சேர்த்துவிட்டால், 300 படமானாலும் ஒரே கட்டளையில் திருத்தலாம். ஆனால், வேறு லென்ஸால் எடுத்த படம் ஒன்று நடுவில் கலந்துவிட்டால், அதற்கும் தவறான பெயர் ஏறிவிடும் என்பதை மறக்கக்கூடாது.

ஐந்தாம் படி: குறிப்பு ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை என்பதை அறிந்திருக்கவேண்டும். பொது விதிப்படி எழுதும் பகுதி ஒன்று. கேமரா செய்த நிறுவனம் தன் வசதிக்காக எழுதிவைக்கும் பகுதி மற்றொன்று. முன்னதைத் திருத்தினாலும், பின்னதில் பழைய அடையாள எண் அப்படியே நிற்கலாம். அதனால், ஒரு மென்பொருள் புதிய பெயரையும் இன்னொன்று பழைய பெயரையும் காட்டினால் திகைக்கவேண்டியதில்லை. அன்றியும், லைட்ரூம் போன்றவை ஒருமுறை படித்த குறிப்பைத் தம் பட்டியலில் வைத்துக்கொள்கின்றன. கோப்பிலிருந்து குறிப்பை மறுபடி படி என்று சொன்னால்தான் திருத்தம் அங்கே தெரியும்.

ஆறாம் படி: திருத்தியதைத் திருத்தியது என்றே எழுதிவைக்கவேண்டும். படத்துக்கு விளக்கம் எழுத ஓர் இடம் உண்டு. "லென்ஸ் விவரம் பின்னர் கையால் எழுதப்பட்டது" என்று ஒரு வரியும், அந்த நாளும் அதில் சேர்த்துவிட்டால் போதும். பிழையைத் திருத்துவது வேறு. பொய்யை எழுதுவது வேறு. இல்லாத உயர்ந்த லென்ஸின் பெயரைப் போட்டுப் பெருமை தேடுவது திருத்தம் ஆகாது.

இதுவரை சொன்னது, பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று எண்ணவேண்டாம். லென்ஸ் குறிப்பில் வரும் பிழை, இன்று நம் ஒவ்வொருவர் வீட்டிலும் வேறொரு வடிவில் நடந்துகொண்டிருக்கிறது. தாத்தாவும் பாட்டியும் லயத்து வாசலில் நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் சுவரில் தொங்குகிறது. கறையான் அரிக்குமுன் காப்பாற்றுவோம் என்று, பேரப்பிள்ளை கைத்தொலைபேசியால் அதைப் படம் பிடிக்கிறாள். நல்ல காரியந்தான். ஆனால் அந்தப் புதிய கோப்புக்குள் என்ன எழுதப்படுகிறது? லென்ஸ்: கைத்தொலைபேசியின் பின்புற லென்ஸ். நாள்: இன்றைய நாள். 1962-இல் எடுத்த படம், குறிப்பின்படி இந்த வருடத்துப் படமாகிவிடுகிறது!

தொலைபேசியின் மேல் குற்றமில்லை. அது நகல் எடுத்த லென்ஸையும் நகல் எடுத்த நாளையும் ஒழுங்காகத்தான் எழுதியது. மூலப் படத்தின் கதை அதற்கு எப்படித் தெரியும்? அது நமக்குத்தான் தெரியும். ஆகவே நாம்தான் எழுதவேண்டும். விளக்கம் எழுதும் இடத்தில், "1962-இல் எடுத்த படத்தின் நகல், எடுத்த லென்ஸ் தெரியாது, மாதமும் தெரியாது, இடமிருந்து வலம் இன்னார் இன்னார், இன்ன தோட்டத்து லயம்" என்று எழுதிவிட்டால், அந்தப் படத்துக்கு மறுபடி உயிர் வரும். படத்தின் பின்புறத்தில் கடையின் முத்திரையோ, கையால் எழுதிய தேதியோ இருந்தால், அந்தப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்து உடன் வைத்துக்கொள்வோம்.

இப்படி எழுதி முடித்த படத்தை உறவினருக்கு அனுப்பும்போதும் ஒரு கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால், படம் சுருங்குவதோடு, உள்ளே இருக்கும் குறிப்புகளில் பெரும்பகுதி கழன்று போய்விடும். நாம் பாடுபட்டு எழுதியது போய்ச் சேராது. அதே படத்தை ஆவணமாக அனுப்பினால் கோப்பு முழுதாகப் போய்ச் சேரும்.

நேயர்களே, நாம் வாழ்ந்த தோட்டங்கள் பல இன்று அந்த உருவில் இல்லை. ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதி எழும்பிவிட்டது. லயங்கள் இடிந்தன, கோயில்கள் இடம் மாறின, பள்ளிகள் பட்டணத்துக்குப் போயின. இந்த ஊரில் நாம் இருந்தோம் என்பதற்குப் பல குடும்பங்களிடம் மிஞ்சியிருப்பவை படங்கள்தாம். எந்த லயம், எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர் யார், படம் எடுத்தவர் யார், எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு, இயந்திரம் எழுதிய குறிப்பு ஒன்றுதான் சாட்சியாக நிற்கும். அந்தச் சாட்சி தவறாகச் சொன்னால், மறுத்துப் பேச ஆள் இராது.

ஆகவே, இந்த வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். பெரியவர்களை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு, பிள்ளைகள் கணினியையோ கைத்தொலைபேசியையோ திறந்து, ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேட்கட்டும். பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். அன்று நிறுக்கும் இடத்தில் நின்று தங்கள் எடையைச் சரிபார்த்த அந்தக் கண்கள், இன்று தங்கள் வாழ்க்கையின் ஏட்டையும் ஒருமுறை சரிபார்க்கட்டும்.